நடுவில் ஆள் விடாதீர்கள்

கட்சியால் நட்பு முறிந்தது என்று இப்போது பலரும் புலம்புகிறார்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போனதற்கே இந்தப் பாடு! 1993-ல் திமுகவிலிருந்து வைகோவை நீக்கியபோது எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இருந்திருக்க வேண்டும். தொண்டர்கள் தீக்குளித்துச் செத்த நேரம். ஒன்றாகப் போஸ்டர் ஒட்டியவர்கள் டீக்கடையை மாற்றிக்கொண்டார்கள். நான் கலைஞரோடு நின்றேன், என் நண்பனோ வைகோ பின்னால் போனான். நின்ற இடத்துக்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

கொடிக்கம்பத் தகராறு, போலீஸ் ஸ்டேஷன், ஒருவரையொருவர் மேடையில் திட்டியது எல்லாம் நடந்தது. அதெல்லாம் ஆறிப்போகும். ஆறாதது அவன் தங்கச்சி கல்யாணம்.

மதிமுக தொடங்கிய 1994 மே மாதமே அந்தக் கல்யாணம். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உங்க பேரைப் பத்திரிகையில போட வேண்டாம்னுட்டாரு. போனா மரியாதை இருக்காது" என்றார். மானமுள்ள எவன் போவான்? மொய்ப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். வெகுகாலம் கழித்து ஒரு உறவினர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தப் பத்திரிகையைப் பார்த்தேன். மஞ்சள் தடவிய மூலை, கறுப்பும் சிவப்புமாய் அச்சு. 'வரவேற்புரை' என்று போட்டு, கீழே முதல் பெயர் என்னுடையது. மொய் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அந்த மனிதர் இப்போது மூன்றாவது கட்சியில் பதவியோடு இருக்கிறார்.

1999 தேர்தலில் இரண்டு கட்சியும் ஒரே கூட்டணி. நானும் அவனும் ஒரே தெருவில் ஆளுக்கொரு பக்கமாக ஓட்டுக் கேட்டோம். பொடாவில் வேலூர்ச் சிறையிலிருந்த வைகோவைக் கலைஞரே போய்ப் பார்த்தார். நாங்கள் இருந்தது நாலு தெரு தள்ளி.

ஆகவே, கட்சி வேறானால் உடனே நேரில் போய்விடுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். இலை போட்ட பிறகு எவனும் கட்சி பேசமாட்டான். பத்திரிகையை உங்கள் கையால் கொடுங்கள், அவன் பத்திரிகை வராவிட்டால் போய்க் கேட்டு வாங்குங்கள். பொதுவான ஆள் என்று ஒருவன் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவனும் கேட்டிருக்கலாம். வரவேற்புரைக்குப் பெயர் போட்ட ஆள் மண்டபத்துக்கு வரவில்லையே, என்ன ஏது என்று ஒரு நடை வந்திருக்கலாம் அல்லவா?