இலைநிழலில் தீக்காக்கை

நுழையும்முன்
அடர்ந்த காட்டில் வாழும் பறவைகள் பல வண்ணம் மிக்கவை. ஆயினும் நிழற்படத்தில் அவ்வண்ணம் மங்கிவிடுகிறது. அதனை மீட்கச் சிறிதளவு விளக்கொளி துணைசெய்யும். அவ்விளக்கைக் கையாண்ட ஒருவரின் அனுபவத்தைப் படிப்போமா?

கேரளத்தில், பெரியாற்றின் கரையில் தட்டேக்காடு என்னும் காடு உள்ளது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆராய்ந்தபோது இங்கும் தங்கினார். 1983இல் இக்காடு பறவைகள் சரணாலயம் ஆயிற்று. இன்று அவர் பெயரையே அது தாங்கியுள்ளது.

தில்லியிலிருந்து இரண்டு நாள் தொடர்வண்டியில் பயணம் செய்து நான் அங்குச் சென்றேன். காலை எட்டு மணி. வெளியே வெயில் சுட்டது. காட்டினுள்ளோ அந்திப்பொழுது போன்ற இருள். முன்னே நடந்த வழிகாட்டி சட்டென நின்று, கையை உயர்த்தாமல் முகவாயால் ஒரு கிளையைக் காட்டினார். அங்கே ஓர் ஆண் தீக்காக்கை அசையாமல் அமர்ந்திருந்தது. கரிய தலை, மார்பின் குறுக்கே மெல்லிய வெண்பட்டை, அதன்கீழ் வயிறு முழுவதும் செந்நிறம். பெயரில் காக்கை இருப்பினும் இது காக்கை இனத்தைச் சேர்ந்ததன்று. மலையாளத்திலும் ஏறக்குறைய இதே பெயர்தான்.

முதற்படத்தை விளக்கில்லாமல் எடுத்தேன். தீயைப் போன்ற செந்நிறம், மழையில் நனைந்த செங்கல்லைப்போல் மங்கித் தெரிந்தது. குறை பறவையிடம் இல்லை. இலைகள் வெயிலில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் பெரிதும் உறிஞ்சிக்கொண்டு, பச்சையையே மிகுதியாகக் கீழே விடுகின்றன. சிவப்பொளி போதிய அளவு விழாவிட்டால் சிவப்பிறகு எவ்வாறு ஒளிரும்?

உடனே ஃபிளாஷ் விளக்கை முழு அளவில் வைத்து இரண்டாம் படத்தை எடுத்தேன். செந்நிறம் வந்தது, காடு மறைந்தது! பின்னால் இருந்த இலைகளெல்லாம் கரியாயின. விளக்கொளி தொலைவு செல்லச் செல்ல விரைந்து குறையும். ஐந்து மீட்டரில் விழும் ஒளியில் கால்பங்குதான் பத்து மீட்டரில் விழும். ஆகவே அருகிலிருந்த பறவை பளிச்சிட, தொலைவிலிருந்த மரங்கள் இருளில் மூழ்கின. பகலில் எடுத்த படம், நள்ளிரவில் திருடனைப் பிடித்ததுபோல் இருந்தது.

நல்லவேளையாகத் தீக்காக்கை பொறுமையுள்ள பறவை. மூன்றாம் முறை, விளக்கே இல்லை எனக் கருதிக்கொண்டு, காட்டின் ஒளிக்கு ஏற்பவே கருவியை அமைத்தேன். அதன்பின் ஃபிளாஷின் அளவை -2 எனக் குறைத்தேன்; அதாவது இயல்பான அளவில் கால்பங்கு. இவ்வாறு இருக்கும் ஒளியில் உள்ள குறையை மட்டும் நிரப்புவதனால் இதனை நிரப்பொளி என்கிறோம். இம்முறை இலைகள் பசுமையாகவே இருந்தன. வயிற்றின் செந்நிறமும் மீண்டது. கரிய தலையில் எங்கே என்று தெரியாதிருந்த கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி மின்னியது. அப்புள்ளி இல்லாத பறவை, படத்தில் பொம்மையாகவே தோன்றும்.

தொலைவில் உள்ள பறவைக்கு ஒளியை எட்டச் செய்ய, விளக்கின் முன் பிரெனல் வில்லை என்னும் மெல்லிய தகட்டைப் பொருத்துவர். கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெஞ்சு அறிஞர் பிரெனல் உருவாக்கிய வில்லையின் எளிய வடிவம் அது. வெயிலில் அதனைக் கவனமின்றி வைத்தால், கதிர்கள் குவிந்து விளக்கின் முகப்பையே உருக்கிவிடும்.

திரும்பும் வழியில் தரையில் ஒரு மரகதப்புறா மேய்ந்துகொண்டிருந்தது. அது தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. அதன் பச்சைச் சிறகு, தீக்காக்கையின் செந்நிறத்தைப் போன்று நிறமிகளால் மட்டும் ஆனதன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதாலும் தோன்றுவது. ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். விளக்கைக் கருவியிலிருந்து சற்று விலக்கி உயர்த்திப் பிடித்தபோதே சிறகு மரகதமாயிற்று.

பின்னர் வழிகாட்டி ஒரு புதரை விலக்கிக் காட்டினார். இரண்டு காய்ந்த இலைகள் கொடியில் தொங்குவதாக எண்ணினேன். அவை தவளைவாயன் இணை! நான் கருவியை உயர்த்தியதும் அவர் தம் உள்ளங்கையால் ஃபிளாஷை மூடினார்.

“சார், இவற்றுக்கு விளக்கு வேண்டாம். இரவில் இரைதேடுபவை, பகலில் உறங்குகின்றன.”

“குறைந்த அளவில் ஒரே ஒரு முறை...” என்றேன். நான் வந்த தொலைவை அவருக்கு நினைவூட்டவும் செய்தேன்.

“இருட்டைப் பார்ப்பதற்காக அமைந்த கண்கள், சார். மேலும், இன்று மிரண்டால் நாளை இந்தக் கொடியில் அவை இரா.”

அவர் கையை எடுக்கவில்லை. எனக்குச் சற்றுச் சினம் வந்தது உண்மை. விளக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். முக்காலியை ஊன்றி, ஷட்டரை 1/15 நொடியளவு மெதுவாக இயக்கினேன். பறக்கும் பறவையாயின் படம் கலங்கியிருக்கும். இவையோ இமைகூட அசைக்கவில்லை. ஒன்றையொன்று ஒட்டியமர்ந்த இரு பழுப்புப் பறவைகள், காட்டின் நிழலிலேயே படத்தில் பதிந்தன. நாங்கள் புதரை மெல்ல மூடிவிட்டு நடந்தோம்.

பயிற்சி
1. சேர்த்து எழுதுக: தீ + காக்கை, மரகதம் + புறா, நிரப்பு + ஒளி.
2. இரண்டாம் படத்தில் காடு மறைந்தது ஏன்?
3. ‘நிரப்பொளி’ என்னும் பெயர்க்காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
4. வழிகாட்டி கூறிய காரணங்கள் இரண்டனுள் உமக்கு வலியதாகத் தோன்றுவது எது? ஏன்?
5. உம் ஊரில் காணும் ஒரு பறவையின் தமிழ்ப்பெயரை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.