தேவாலாவில் இருந்தபடியே வெப் ஹோஸ்டிங்: சில குறிப்புகள்

1. சர்வரை வீட்டில் வைக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டின் அதிக மழைப் பட்டியலில் தேவாலா பெயர் அடிக்கடி வரும். ஒரு மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். சர்வர் சென்னையிலோ மும்பையிலோ டேட்டா சென்டரில் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு லேப்டாப், இன்வெர்ட்டர், வெவ்வேறு கம்பெனி சிம் இரண்டு போதும்.

2. பெரிய கம்பெனியிடம் சர்வர் இடத்தை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்கும் ரீசெல்லர் கணக்கில் தொடங்குங்கள். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. பாறை இடிக்கும் இயந்திரங்களை மலையேற்றிய பிறகுதான், செலவுக்குக்கூடத் தங்கம் தேறாது என்பது தெரிந்தது. ஆள் சேரும் முன் தனி சர்வர் எடுப்பதும் அந்த ரகம்தான்.

3. விலையில் பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டாம். முதல் வருடம் அடிமாட்டு விலை, ரினியூவலில் பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு. மும்பையில் துராக்கியா சகோதரர்கள் அப்பாவிடம் 25,000 ரூபாய் கடன் வாங்கி 1998இல் டைரக்டி என்ற ஹோஸ்டிங் கம்பெனியைத் தொடங்கியபோது இங்கே போட்டியே குறைவு. இன்று அப்படியில்லை. ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல், 2019இல் சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியதும், மலிவாக விற்றவர்கள் திண்டாடினார்கள். லைசென்ஸ் செலவையும் சேர்த்தே விலை போடுங்கள்.

4. உங்கள் ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: கூடலூர் ஹோம்ஸ்டே, நாடுகாணி ஏலக்காய்க் கடை, பந்தலூர் பள்ளிக்கூடம், சுல்தான் பத்தேரி ரிசார்ட். அவர்களுக்கு ஜிபி கணக்கு புரியாது, புரியவும் வேண்டாம். சனிக்கிழமை காலை புக்கிங் பக்கம் திறக்காவிட்டால் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும். தமிழோடு மலையாளமும் பேசினால் பெங்களூரு கால் சென்டர் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

5. 'அன்லிமிடெட்' என்று விற்காதீர்கள். பெரும்பாலான ஷேர்டு சர்வரில் இடத்துக்கு இல்லாத வரம்பு, ஃபைல் எண்ணிக்கைக்கு இருக்கும். பல சர்வர்களில் ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைலாகத்தான் சேமிக்கப்படுகிறது. அழிக்காத பழைய மெயிலே வரம்பைத் தொட்டுவிடும். இடம் காலியாக இருக்கும்போதே புது மெயில் வராது. இதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

6. மெயில் தகராறுதான் அதிகம் வரும். ஒரே ஐபியில் இருக்கும் யாரோ ஸ்பேம் அனுப்பினால், ஹோம்ஸ்டேக்காரரின் புக்கிங் உறுதிக் கடிதம் விருந்தினரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். மெயில் உண்மையான அனுப்புநரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

7. பேக்கப் வேறு ஊரில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மாதம் ஒரு தளத்தையாவது பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றிப் பாருங்கள். திறக்காத ஜிப் ஃபைலால் பிரயோஜனமில்லை.

8. எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகக் காசு வாங்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருவது ஊருக்கே தெரியும்.

9. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், வரி 18 சதவீதம். வெளிநாட்டுக் கம்பெனியிடம் நேரடியாக சர்வர் எடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள், அங்கே கணக்கு வேறு. தளத்துக்குள் யாராவது புகுந்துவிட்டால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். இது 2022 ஏப்ரல் உத்தரவு.

10. டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே பதியுங்கள். உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு பிடி வைப்பது இந்தத் தொழிலில் பழைய கெட்ட பழக்கம். யாராவது வேறிடம் போகிறேன் என்றால் பேக்கப் ஃபைலையும் டிரான்ஸ்ஃபர் கோடையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பந்தலூர் பஜாரில் நாளைக்கும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும்.