பாலை நிறுத்தச் சொல்லும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

உணவு ஆலோசகராக ஓ.பி.யில் உட்கார ஆரம்பித்திருக்கிறாய். முதல் வாரத்திலேயே யாராவது கேட்பார்கள்: "மேடம், எனக்குப் பால் ஒத்துக்கல. நிறுத்திடட்டா?" வெளியே கூட்டம் காத்திருக்கும். "நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிடுவது சுலபம். அதைச் செய்யாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில், "பால் குடிப்பீங்களா?" என்று கேட்காதே. "பாலே தொடறதில்லைங்க" என்று பதில் வரும். காலையில் எழுந்ததும் என்ன, பதினோரு மணிக்கு என்ன, சாயங்காலம் என்ன என்று பொழுதைப் பிடித்துக்கொண்டு போ. எழுந்ததும் ஒரு காபி, வேலை இடத்தில் இரண்டு டீ, மத்தியானம் தயிர்சாதம், ராத்திரி மாத்திரை போட்டுக்கொள்ள அரை டம்ளர் பால் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நம் ஊரில் டீயை யாரும் பால் கணக்கில் சேர்ப்பதில்லை. மோருக்கும் அதே கதிதான்.

கணக்கு கைக்கு வந்த பிறகுதான் பேச்சு. சிறுகுடலின் உள்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் நொதி, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கிறது. உலகில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு இந்த நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. இந்தியாவில் வடமேற்கை விடத் தெற்கிலும் கிழக்கிலும் அப்படிப்பட்டவர்கள் அதிகம். இதை நோய் என்று சொல்லிப் பயமுறுத்தாதே. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, வாயு சேர்கிறது, தண்ணீரும் இழுக்கப்படுகிறது. உப்புசம், கடமுடச் சத்தம், பேதி எல்லாம் அதனால்தான்.

ஆனால் நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். அது ஏறக்குறைய 250 மி.லி. பால். ஒரு டீயில் விழும் பாலில் இருப்பது மூன்று கிராம் அளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிலர் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை அறிக்கையோடு வந்து நிற்பார்கள், "பாசிட்டிவ்" என்று. வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு மூச்சை ஊதச் சொல்லும் பரிசோதனை அது. 50 கிராம் என்பது ஒரு லிட்டர் பாலில் இருக்கும் அளவு. யார் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் பால் குடிக்கிறார்கள்? அந்த அறிக்கையைப் பார்த்து டீயை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை.

எந்த வடிவத்தில் சாப்பிடுகிறார் என்பதையும் பார். தயிர் உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி அமிலமாகிவிடும். மிச்சத்தை உடைக்கும் நொதியையும் உயிருள்ள பாக்டீரியாக்கள் குடலுக்குள் கொண்டுபோகின்றன. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலர் தயிரைச் சிரமமில்லாமல் சாப்பிடுகிறார்கள். நீர்மோரில் லாக்டோஸ் இன்னும் குறைவு. (மோர்க்குழம்பைக் கொதிக்க விட்டால் அந்த பாக்டீரியா உதவி போய்விடும். அது வேறு கணக்கு.) நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை, பன்னீரில் பெரும்பகுதி வடிந்த தண்ணீரோடு போய்விடும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "இனிப்புதானே" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மட்டும் விட்டுவைப்பவர்களும் உண்டு. பால் சுண்டும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது; லாக்டோஸ் முழுதும் வாணலியிலேயே தங்குகிறது.

"ஏ2 பால் வாங்கட்டுமா?" என்றும் கேட்பார்கள். ஏ1, ஏ2 என்பது பாலிலுள்ள பீட்டா கேசின் புரதத்தின் வகை. நாட்டு மாட்டுப் பாலிலும் லாக்டோஸ் அதே அளவுதான். 2024 ஆகஸ்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்த அடையாளங்களைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கச் சொன்னது. சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சர்ச்சை ஓயட்டும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர் இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை என்று மட்டும் நீ சொல்லிவிடு.

பால் மேல் பழி விழுவதற்கு முன் மாத்திரைப் பையைத் திறக்கச் சொல். சர்க்கரை நோயாளிக்கு மெட்ஃபார்மின் ஆரம்பித்த புதிதில் பேதி வருவது சகஜம். மக்னீசியம் கலந்த அமிலநீக்கி மருந்தும் வயிற்றை இளக்கும். அதற்கடுத்து சாம்பார். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான், பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் உள்ள ராஃபினோஸ் இரண்டும் லாக்டோஸ் மாதிரியே பெருங்குடலில் புளிப்பவை. கடலையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தாலே பாதித் தொந்தரவு தீர்ந்தவர்கள் உண்டு. ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனையும் கிடைக்கும், வயிறும் பிழைக்கும்.

எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் டயட் சார்ட் எழுதாதே, மருத்துவரிடம் அனுப்பு. சீலியாக் நோயில் லாக்டேஸ் சுரக்கும், விரல் போன்ற குடல் நீட்சிகளே சேதமாகிவிடுவதால் பாலும் சேர்ந்து ஒத்துக்கொள்ளாமல் போகும். கோதுமையை நிறுத்திக் குடல் ஆறியபின் பலருக்குப் பால் மறுபடி சரியாகிவிடும். அவர்களிடம் பெருங்காய டப்பாவின் லேபிளையும் படிக்கச் சொல். கடைத்தூளில் மைதா கலப்பது வழக்கம்.

நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு வாரம் போதும். பிறகு கால் டம்ளரில் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்து, மெல்லக் கூட்டச் சொல். நல்லாகிவிட்டவர்கள் திரும்பத் தொடங்கப் பயப்படுவார்கள். அங்கே நீ விட்டுக்கொடுத்தால் வருடக்கணக்கில் பால் இல்லாமலே ஓட்டுவார்கள். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைத்த கால்சியம் நாளொன்றுக்கு 1000 மி.கி. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. உண்டு, எள்ளில் அதைவிடப் பல மடங்கு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் கைகொடுக்கும். ஆனால் சுத்த சைவக்காரருக்குப் பி12 தருவது பாலும் தயிரும்தான். முட்டையும் தொடாத ஒரு பாட்டியிடம் பாலை மொத்தமாக நிறுத்தச் சொன்னால் கேழ்வரகு அந்த இடத்தை நிரப்பாது.

குழந்தைகள் வார்டில் மட்டும் கண்டிப்பாக இரு. பேதி கண்ட பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்து என்று பக்கத்துக் கட்டிலிலிருந்தே யோசனை வரும். தாய்ப்பாலில் லாக்டோஸ் பசும்பாலைவிட அதிகம்தான், நூற்றுக்கு ஏழு. அப்படியிருந்தும் நிறுத்தக் கூடாது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அரிது. பசும்பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம். தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் தெரிந்தால் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும். இதைத் தாயிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. கூட இருக்கும் மாமியாரையும் உட்கார வைத்துச் சொல், வீட்டுக்குப் போனதும் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

அன்புடன்,
உன் அக்கா