வட்டியில்லாக் கடனும் ஐ.டி.ஐ. பட்டறையும்



கடையில் குளிர்பதனப் பெட்டி நின்றுபோனாலும், வயரிங் எரிந்துபோனாலும் நாம் தேடுவது ஐ.டி.ஐ. படித்த பையனைத்தான். அவன் படித்த பட்டறையில் என்ன இயந்திரம் இருந்தது, அது யார் பணத்தில் வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அது நாம் கட்டும் வரிப்பணம். அதற்கு அரசு வகுத்த விதிகளும் கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்களுக்கு எளிதில் விளங்கக் கூடியவைதான்.

2007ஆம் ஆண்டுத் திட்டம்

மத்திய அரசு 2007-08இல், 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் நிறுவனங்களுடன் சேர்ந்து மேம்படுத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2011-12 வரை 1,227 நிலையங்கள் இதில் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன். இது மானியம் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் நேராக நிலைய மேலாண்மைக் குழு என்னும் பதிவு பெற்ற சங்கத்தின் கணக்குக்கு வந்தது. குழுவின் தலைவர் தொழில் நிறுவனத்தைச் சேர்ந்தவர், செயலாளர் ஐ.டி.ஐ. முதல்வர். மாணவர் சேர்க்கையில் 20 சதவீதம் வரை முடிவு செய்யும் உரிமையும் குழுவுக்கு உண்டு. நிலமும் கட்டடமும் மாநில அரசுக்கே சொந்தம்.

தவணைக் கணக்கு

முதல் 10 ஆண்டுகள் தவணை கிடையாது. அதன் பிறகு 20 சம தவணைகள். 2.5 கோடி வாங்கிய நிலையம் ஆண்டுக்கு 12.5 லட்சம் கட்ட வேண்டும்.

கடனில் ஒரு பகுதியை வங்கி வைப்பில் போட்டு வைக்கவும் விதி இடம் கொடுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதிப் பணமான 1.25 கோடியை 8 சதவீதக் கூட்டு வட்டியில் 10 ஆண்டுகள் தொடாமல் விட்டால் சுமார் 2 கோடியே 70 லட்சம் ஆகும். முழுக் கடனையும் அடைக்க அதுவே போதும். அப்படியானால் மற்றப் பாதிக்கு வாங்கும் இயந்திரங்கள் நிலையத்துக்கு இலவசமாக வந்த மாதிரிதான். வட்டியில்லாக் கடனின் அருமை இதில் இருக்கிறது.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. பாதியே இவ்வளவு பெருகுமானால் முழுவதையும் வைப்பில் போடலாமே என்று தோன்றும். பேரேட்டில் இருப்பு ஏறும்; பட்டறையில் பழைய கடைசல் இயந்திரமே நிற்கும். பையன் புது இயந்திரத்தைத் தொடாமலே சான்றிதழ் வாங்கி வெளியே வருவான். சரக்கு வாங்காமல் முதலை வங்கியில் வைத்திருப்பவனைக் கடைக்காரன் என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

புதிய திட்டம்

2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தின் மதிப்பு 60,000 கோடி ரூபாய். மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி. 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்துவது நோக்கம். சென்னை உட்பட ஐந்து நகரங்களில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையங்களும் இதில் சேரும்.

இதில் முக்கியமான மாற்றம், தொழில் நிறுவனங்களும் ஆறில் ஒரு பங்கு முதல் போட வேண்டும் என்பதே. பழைய திட்டத்தில் தலைவர் நாற்காலி இருந்தது. அதில் உட்காருபவர் கைப்பணம் போட வேண்டியதில்லை. சொந்த முதல் போட்டவனே தினமும் இருப்பைச் சரி பார்ப்பான். இது நமக்குப் புதிய செய்தி அல்ல.

நாம் செய்ய வேண்டியது

நம் ஊர் ஐ.டி.ஐ. குறித்து மூன்று கேள்விகள் கேட்போம்.

1. கடன் பணத்தில் செலவு எவ்வளவு, வைப்பில் இருப்பது எவ்வளவு?
2. வாங்கிய இயந்திரங்கள் எவை? இன்று ஓடுகின்றனவா?
3. தவணைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு?

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் யாரும் இவற்றைக் கேட்கலாம். குழுவில் சேர நம்மில் ஒருவருக்கு அழைப்பு வந்தால் மறுக்காமல் போக வேண்டும். ஆனால் மாலை போட்டுக்கொள்ளப் போகக் கூடாது. கணக்குப் பார்க்கப் போக வேண்டும். நம் கடைப் பையனின் தம்பிதான் நாளை அந்தப் பட்டறையில் நிற்கப் போகிறான்.