தங்கவயல் மண்மேடுகளும் மழை வடிநீரும்

தொழிற்சாலைக் கழிவுநீர் என்றவுடன் ஒரு குழாயும் அதன் வழியே வெளியேறும் நீருமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வழங்கும் இசைவாணையிலும் அக்குழாயே முதலிடம் பெறுகிறது. எனினும் மழை பெய்யும் நாளில் தொழில் வளாகம் முழுவதுமே ஒரு வடிகாலாக மாறிவிடுகிறது. திறந்த வெளியில் கொட்டிவைத்த மூலப்பொருள், எண்ணெய் சிந்திய தரை, பழைய இரும்புக் குவியல், கழிவு மண்மேடு ஆகியவற்றைக் கழுவிச் செல்லும் நீர், எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் அணுகாமல் ஏரிக்கும் கிணற்றுக்கும் சென்று சேர்கிறது. இதனைக் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கல்களைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயலாகும்.

மேடுகள் தோன்றிய விதம்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்திலுள்ள தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880-ஆம் ஆண்டில் நவீன முறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர் இங்குக் குடியேறினர். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மைய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வழங்கிய பின், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

வெட்டியெடுத்த பாறையில் தங்கத்தின் பங்கு மிகச் சிறிதே. பாறையை மாவுபோல் பொடித்து, தொடக்கத்தில் பாதரசத்தின் துணையாலும் பின்னர் சயனைடு கரைசலாலும் தங்கம் பிரிக்கப்பட்டது. எஞ்சிய பொடி ஊரை ஒட்டியே கொட்டப்பட்டது. இவ்வாறு சேர்ந்த கழிவு சுமார் 3.3 கோடி டன் என மதிப்பிடப்படுகிறது. மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்றே அழைக்கின்றனர். மேடுகளுக்கு அருகிலேயே குடியிருப்புகள் உள்ளன. காற்று வீசும் மாதங்களில் இவற்றின் தூசு வீடுகளுக்குள் வருவதை அனைவரும் காண்கின்றனர். மழை அவற்றைக் கரைத்துச் செல்வது அவ்வளவாகக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மழை செய்யும் வேலை

மேட்டின் மீது விழும் மழை மூவகையில் செயற்படுகிறது. முதலாவது அரிப்பு. செடிகொடிகளின் வேர்ப்பிடிப்பு இல்லாத மென்பொடி எளிதில் கரைந்து ஓடி, கால்வாய்களைத் தூர்த்து, ஏரிகளில் படிகிறது. இரண்டாவது வேதி மாற்றம். கந்தகம் கலந்த தாதுக்கள் காற்றோடும் நீரோடும் சேரும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் கல்லில் கட்டுண்டிருந்த ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்களையும் உலோகங்களையும் விடுவிக்க வல்லது. மூன்றாவது ஊடுருவல். மேட்டினுள் இறங்கும் நீர் நிலத்தடி நீரோடு கலக்கிறது.

சயனைடைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். கட்டற்ற நிலையிலுள்ள சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். இரும்பு போன்ற உலோகங்களுடன் பிணைந்தது நெடுநாள் நிலைக்கும். ஆகவே பெயரை வைத்து அஞ்சுவதோ, பழைய மேடு எனக் கருதி அலட்சியம் செய்வதோ பொருந்தாது. நீர் மாதிரியை எடுத்து ஆய்வதே முறையாகும்.

நீரின் அளவைக் கணக்கிடுவதும் எளிது. ஒரு ஹெக்டேர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டர். தங்கவயல் மேடுகளின் பரப்பு சுமார் 1,003 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 406 ஹெக்டேர். எனவே 10 மில்லிமீட்டர் மழையில் அவற்றின் மீது விழும் நீர் நான்கு கோடி லிட்டருக்கு மேல். இதில் ஒரு பகுதி உள்ளே ஊறும், மீதி ஓடும். எவ்வளவு ஓடும் என்பதை அறியாமல் எந்த வடிகாலையும் அமைக்க இயலாது.

சட்டத்தின் நிலை

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்த மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. இச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு ‘நீரோட்டம்’ என்னும் சொல்லுக்கு விரிவான பொருள் தருகிறது. தற்போது வறண்டு கிடக்கும் ஓடையும், நிலத்தடி நீரும் அதில் அடங்கும். திறந்த கால்வாயும் ‘வெளியேற்று வழி’யே ஆகும். நச்சுப் பொருளை நீரோட்டத்திலோ, கிணற்றிலோ, நிலத்திலோ அறிந்தே சேரவிடுவதை 24-ஆம் பிரிவு தடுக்கிறது. கழிவு வெளியேறக்கூடிய தொழிலுக்கு வாரியத்தின் முன் இசைவு வேண்டும் என்பது 25-ஆம் பிரிவு.

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டத்துக்கு 1987-இல் செய்த திருத்தத்தின் மூலம் தொழிலிட மழைநீருக்கெனத் தனி உரிமம் கட்டாயமாயிற்று. மாசுபடுத்தும் பொருள்கள் யாவும் மழை படாதவாறு கூரைக்குக் கீழ் இருப்பதாகச் சான்றளிக்கும் தொழிலகம் விலக்குப் பெறலாம். இந்தியாவில் மழைநீருக்குத் தனி உரிமம் இல்லை. பொது இசைவாணையின் நிபந்தனைகளுள் ஒன்றாகவே அது இடம்பெறுகிறது. ஆதலின் அந்நிபந்தனை எவ்வளவு தெளிவாக எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயன் அமையும். ‘மழைநீரை முறையாக அகற்ற வேண்டும்’ என்ற பொதுவான வரி எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை.

நிறைவேற்றும் முறை

இசைவைப் பெற்ற தொழிலிடம் செய்ய வேண்டியவை ஐந்து எனலாம்.

1. வளாகத்தின் மேடு பள்ளங்களையும், நீர் வந்து சேரும் வழிகளையும், வெளியேறும் இடங்களையும் வரைபடத்தில் குறித்தல்.

2. வெளியிலிருந்து வரும் தூய மழைநீர் கழிவுக் குவியலைத் தொடாதபடி, குவியலைச் சுற்றி மாலைபோல் வடிகால் அமைத்துத் திருப்பிவிடுதல். மாசு கலந்த நீரின் அளவைக் குறைக்கச் செலவு மிகக் குறைந்த வழி இதுவே.

3. குவியலின் மீது விழுந்த நீரை அடிவாரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பித் தேக்கி, படிவுத் தொட்டிகளில் வண்டலைத் தங்கவிட்டு, தேவையானால் சுண்ணாம்பிட்டு அமிலத்தை நடுநிலையாக்குதல்.

4. சரிவுகளைப் படிகளாக வெட்டி, மேல்மண் பரப்பிப் புல்லும் மரமும் வளர்த்தல்.

5. மழைக்காலத்திற்கு முன் தூர் வாருதல். மழை பெய்யும்போதே மாதிரி எடுத்தல். இரண்டையும் பதிவேட்டில் எழுதுதல்.

நிலப்பரப்பு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான பொது அளவுகோல்களின்படி பி.எச். அளவு 5.5-க்கும் 9.0-க்கும் இடையில் இருக்க வேண்டும். லிட்டர் ஒன்றுக்கு மிதவைத் திடப்பொருள் 100 மில்லிகிராமையும், சயனைடு 0.2 மில்லிகிராமையும், ஆர்சனிக் 0.2 மில்லிகிராமையும் விஞ்சலாகாது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையிலேயே மாசு மிகுந்திருக்கும். கோடையில் வந்து வறண்ட கால்வாயைப் பார்வையிட்டுத் திரும்பும் ஆய்வாளருக்கு இவ்வுண்மை புலப்படாது. ஆய்வு நாளை மழையே குறிக்க வேண்டும்.

மூடிய தொழிலிடம்

இசைவாணை குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கப்பட்டு, தொழில் நடக்கும் வரை புதுப்பிக்கப்பட்டு வந்தது. தொழில் நின்றபின் குழாயில் நீர் வருவதில்லை. மழையோ நிற்பதில்லை. வடிகாலைத் தூர் வாரும் தொழிலாளரும், பதிவேட்டை எழுதும் அலுவலரும் இல்லாத நிலையில் மேடு மட்டும் எஞ்சுகிறது. சுரங்கங்கள் தமது இறுதி மூடல் திட்டத்தை முன்னதாகவே அளித்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி 2003-இல்தான் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளில் சேர்க்கப்பட்டது. தங்கவயல் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மூடப்பட்டுவிட்டது. இங்குள்ள குறையின் வேர் இக்காலமுறையிலும் உள்ளது எனலாம்.

அடுத்த கட்டம்

மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் புதிய முறைகளால் பிரித்தெடுக்கும் நோக்குடன், 13 மேடுகளை ஏலத்தில் விடும் மைய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. வேலைவாய்ப்பை இழந்த ஊருக்கு இது நம்பிக்கை தருவதே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த மேட்டை வெட்டித் திறக்கும்போது புதிய பொடி மழைக்கு இலக்காகும். மீண்டும் இரசாயனம் சேரும். இறுதியில் பொடி வேறோரிடத்தில் மேடாகும்.

ஆகவே வெட்டுவதற்கு முன்பே வடிகாலும் படிவுத் தொட்டியும் அமைத்தல், ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் திறத்தல், பணி முடிந்த பின்னும் பராமரிப்பதற்கான வைப்புத் தொகையைத் தொடக்கத்திலேயே பெறுதல், அருகிலுள்ள ஏரிகள், கிணறுகளின் நீராய்வு முடிவுகளை ஊர்மக்கள் அறியச் செய்தல் ஆகிய நான்கும் இசைவாணையில் அளவுகளோடும் தவணைகளோடும் இடம்பெறுதல் இன்றியமையாதது. மேட்டின் பயனைப் பெறுபவர் அதன் மீது விழும் மழைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. முதல் முறை இந்தப் பொறுப்பை வரையறுக்க விதி இல்லை. இம்முறை விதி உள்ளது. அதனை எழுத்தில் தெளிவாக்கிக் களத்தில் நிறைவேற்றுவதைப் பொறுத்தே மேட்டடியில் வாழும் குடும்பங்களின் குடிநீர் அமையும்.