நியூட்ரல் அறுந்த மாலை

ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட், மும்முனை மின்சாரம் 400 வோல்ட் என்று இரண்டு மார்க் கேள்விக்கு நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். நானும் எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியவன்தான். ஆனால் அது எனக்குப் புரியவே இல்லை என்பது போன வருடம் ஒரு மாலையில் எங்கள் தெருவில்தான் தெரிந்தது.

ஏழு மணி இருக்கும். எங்கள் வீட்டு மின்விசிறி திடீரென்று தளர்ந்தது. இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்து வீட்டு கிரைண்டர் உறுமிவிட்டு நின்றது. லோ வோல்டேஜ் போலிருக்கு என்று எழுந்தால், எதிர்வீட்டு அத்தை அலறுகிறார். அவர் வீட்டு விசிறி பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது. டி.வி. 'டப்' என்று புகைந்துவிட்டது. ஃபிரிட்ஜை நிறுத்த ஓடியவருக்குக் கதவில் கை பட்டதும் சுரீரென்று ஷாக். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் கை உதறலோடு தப்பினார். இத்தனைக்கும் தெருக்கோடி மாவு மில் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது!

"நீதான் கரண்டுக்குப் படிக்கிறியே, எல்லாருக்கும் ஒரே கம்பத்துலேர்ந்துதானேடா வருது? உங்க வீட்ல கம்மியாகி எங்க வீட்ல ஏன்டா கூடிப்போச்சு?" என்றார் அத்தை. எனக்குப் பதில் தெரியவில்லை. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "நியூட்ரல் ஜம்பர் அரிச்சு விட்டுப்போச்சு தம்பி" என்றார். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

230 வோல்ட் எங்கே இருக்கிறது? ஃபேஸ் கம்பியில் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அங்கேதான் தப்பு. வோல்ட் என்பது ஒரு கம்பிக்குள் இருக்கும் சரக்கு இல்லை, இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். அந்த இரண்டாவது புள்ளி எங்கிருந்து வருகிறது என்று டிரான்ஸ்பார்மரைப் பார்த்தால் தெரியும். மேலே 11,000 வோல்ட் மூன்றே கம்பிகளில் வருகிறது, நான்காவது கம்பி கிடையாது. கீழ்ப்பக்கம் மூன்று சுருள்களின் ஒவ்வொரு முனையைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைத் தரையோடு இணைத்து, அங்கிருந்து ஒரு கம்பி இழுக்கிறார்கள். அந்த முடிச்சுதான் நியூட்ரல். அது பிறப்பதே நம் தெரு டிரான்ஸ்பார்மரில்தான்.

முடிச்சுக்கும் ஒரு ஃபேஸுக்கும் இடையே 230. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 460 வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் இரண்டும் 120 டிகிரி விலகி ஆடுவதால் 1.732 மடங்குதான் வரும், அதாவது 398. அதைத்தான் 400 என்கிறோம். பழைய கணக்கு 240 வோல்ட். அதை 1.732-ஆல் பெருக்குங்கள், மோட்டார் பலகைகளில் அடித்திருக்கும் 415 வந்துவிடும். டிரான்ஸ்பார்மர் பலகையில் 433 இருக்கிறதே என்பீர்கள். அது லோடு இல்லாதபோது உள்ள அளவு, ஃபேஸுக்கு 250. கம்பியில் போகப் போகக் குறைந்து கடைசி வீட்டுக்கும் போதுமான அழுத்தம் கிடைக்க வேண்டுமல்லவா!

இப்போது நியூட்ரலை அறுத்துப் பார்ப்போம் (மனதில்தான்!). சிவப்பு ஃபேஸில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, மஞ்சள் ஃபேஸில் 100 வாட் டி.வி. இரண்டின் மறுமுனையும் தெரு நியூட்ரலில் சேர்கிறது. அந்த நியூட்ரல் டிரான்ஸ்பார்மர் பக்கம் அறுந்துவிட்டால், இஸ்திரிப் பெட்டி வழியாகப் போன மின்னோட்டம் டி.வி. வழியாகத்தான் திரும்ப முடியும். இரண்டும் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக நிற்கின்றன. ரெசிஸ்டன்ஸ் கணக்கு போடுங்கள். பெட்டி சுமார் 53 ஓம், டி.வி. 529 ஓம். 400-ஐப் பதினொரு பங்காக்கினால் பெட்டிக்கு ஒரு பங்கு, 36 வோல்ட். டி.வி.க்குப் பத்துப் பங்கு, 364 வோல்ட்! டி.வி. சுத்தமான ரெசிஸ்டன்ஸ் இல்லை, தெருவில் மூன்று ஃபேஸிலும் பல வீடுகள் இருக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் போக்கு இதுதான். லோடு அதிகமுள்ள ஃபேஸ் படுக்கும், குறைவாக உள்ள ஃபேஸ் எகிறும். எங்கள் பக்கம் கிரைண்டரும் இஸ்திரியும் ஓடின. அத்தை வீட்டில் டி.வி.யும் விசிறியும்தான்.

மாவு மில் மோட்டார் ஏன் அசையவில்லை? அதற்கு நியூட்ரலே வேண்டாம். மூன்று ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டில் ஓடுகிறது, அந்த 400-ஐ யாரும் தொடவில்லை. மறுநாள் மில்காரரைக் கேட்டேன். தராசுக்கு மேலே இருந்த பல்பு மட்டும் போய்விட்டதாம்! மோட்டார் 400-ல், பல்பு 230-ல். நம் ஒர்க்‌ஷாப் லேத்துக்கும் இதே கதைதான்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று சிலர் கேட்டார்கள். அது மின்னோட்டத்துக்குத்தான் காவல், வோல்ட் எவ்வளவு என்று பார்க்காது.

இனி சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். அத்தைக்கு ஷாக் கொடுத்த சாக்கெட் நான் போட்டது. முதல் வருடம் படிக்கும்போது, 'வேலை தெரிந்தவன்' என்ற மிதப்பில், 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டேன். எர்த் கம்பி அதுவரை வரவில்லை. நியூட்ரலும் தரையோடு சேர்ந்ததுதானே என்று, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் அடித்துவிட்டேன். பல எலக்ட்ரீஷியன்கள் செய்கிறார்களே! நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அறுந்த அன்று அந்த லூப் வழியாக ஃபிரிட்ஜின் உடல் முழுவதும் நியூட்ரலின் அழுத்தம் ஏறிவிட்டது. மேலே போட்ட கணக்கில் அறுந்த நியூட்ரலுக்கும் தரைக்கும் இடையே கிட்டத்தட்ட 200 வோல்ட் வருகிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தால்... அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் போடுவதும் இதே வகைத் தப்புதான். பழைய வீடுகளில் இரண்டு கம்பியிலும் கட்டை இருக்கும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கட்டை எரிந்தால், எங்கள் தெருவில் நடந்தது அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஃபேஸோடு சேர்ந்து விழும் சுவிட்ச் தவிர நியூட்ரலில் வேறெதுவும் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2010-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன.

விசிறி எகிறினாலோ, விளக்கு ஒரு அறையில் மங்கி இன்னொன்றில் பளிச்சென்று எரிந்தாலோ, முதலில் மெயினை அணையுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். நியூட்ரல் ஓட்டையில் டெஸ்டர் எரிந்தால் சந்தேகமே வேண்டாம், கம்பத்தில் ஏறுகிறவரைக் கூப்பிடுங்கள், நீங்கள் ஏறாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வந்து சரி பண்ணிக் கொடு" என்றார். நானும் வகுப்பு நண்பன் ஒருவனும் கொல்லையில் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, பச்சைக் கம்பியை ஃபிரிட்ஜ் சாக்கெட் வரை இழுத்தோம். லூப் அடித்த துண்டு ஒயரை நானே கழற்றினேன். நாலு அங்குலம் இருக்கும். அதை என் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.