லூபின் விதையின் கசப்பு

தென் அமெரிக்காவின் மேலைக் கரையோரமாய் நீண்டு கிடக்கும் ஆண்டிஸ் மலைகளிலே, பெரு, பொலிவியா, ஈக்வடார் நாட்டுக் குடியானவர் தொன்றுதொட்டுப் பயிரிட்டுவரும் அவரையினச் செடியொன்றுண்டு. லூபின் என்னும் வகையைச் சேர்ந்த அதனைத் தார்வி என்றும் சோச்சோ என்றும் வழங்குவர். அதன் விதையில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு புரதம் உளது. எனினும் அவ்விதையைப் பக்குவஞ் செய்யாது வாயிலிட்டவர் மறுமுறை அதனை நாடார், அத்துணைக் கசப்பு!

லூபானின், ஸ்பார்ட்டீன் முதலிய ஆல்கலாய்டுகளே இக்கசப்புக்குக் காரணம். இவை இலையிற் பகற்போதில் உண்டாகித் தண்டின் வழியே சென்று, விதையிலும் செடியின் மேற்றோலிலும் மிகுதியாகத் தங்குகின்றன. பூச்சியின் வாய் முதலிற் படுமிடம் மேற்றோலன்றோ? உட்சென்ற ஆல்கலாய்டு, நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி விடுக்கும் வாயில்களைத் தாக்குகின்றது. நம் தோட்டக்காரர் தெளிக்கும் புகையிலைக் கஷாயத்திலுள்ள நிக்கோட்டீனும் இவ்வாறே நரம்பைத் தாக்குவதாகும்.

ஆண்டிஸ் மக்கள் விதையை ஊறவைத்து வேகவைத்து, ஓடும் நீரிற் பல நாள் இட்டு வைப்பர். ஆல்கலாய்டு நீரிற் கரைந்து போம். கசப்பேறிய நீரையோ அவர்கள் வீணாக்குவதில்லை. அதனைப் பயிரின்மேற் தெளித்துப் பூச்சியை அகற்றுவர். கால்நடைகளின் மேனியிலுள்ள உண்ணி முதலியவற்றைப் போக்க அதனாற் கழுவுவர். ஒரே பானையில் உணவும் மருந்தும் கிடைப்பது வியப்பே. ஆயினும் அந்நீர் மனிதர்க்கும் நஞ்சாதலின் எச்சரிக்கை வேண்டும். சரிவரக் கழுவாத விதையை உண்டார்க்கு நா வறண்டு, கண்ணின் பாவை விரிந்து, தலை சுற்றும்.

1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஜெர்மனியிலே ரைன்ஹோல்ட் வான் செங்புஷ் என்னும் அறிஞர், மிகப் பல லூபின் செடிகளைச் சோதித்து, கசப்புக் குறைந்த சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார். அவற்றின் வழிவந்தனவே இனிப்பு லூபின்கள். (இனிப்பு என்றது ஈண்டுக் கசப்பின்மையையே.) உண்போர்க்கு இது பெரும்பேறு. ஆனால் கசப்பு லூபினை அணுகாத முயலும் பல வகை அசுவுணியும் இனிப்பு லூபினை விரும்பித் தின்னலாயின. கழுவும் வேலை குறைந்தது. காவல் வேலை கூடிற்று.

கசப்பும் எல்லாப் பூச்சிகளையும் வெல்வதன்று. வட அமெரிக்காவினின்று பரவி 1981-இல் இங்கிலாந்திற் காணப்பட்ட லூபின் அசுவுணி, ஆல்கலாய்டை உறிஞ்சித் தன் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னைத் தின்ன வரும் வண்டுகளுக்கு அதனையே நஞ்சாக்குகின்றது.

இலையிற் கசப்பும் விதையிற் கசப்பின்மையும் உடைய லூபினை ஆக்க இன்று ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். விதையிலுள்ள ஆல்கலாய்டிற் பெரும்பகுதி இலையினின்று வருவதாதலின், அது விதைக்குட் புகும் வழியை அடைப்பதே அவர்தம் நோக்கம்.